சம்பளக் கணக்கான சோற்றுக் கணக்கு: யார் இந்த டாக்டர் அய்க்ராய்ட்?

2025 ஜனவரியில் 8-வது ஊதியக்குழுவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததிலிருந்து, அய்க்ராய்ட் ஃபார்முலா என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஃபிட்மென்ட் ஃபேக்டர், அகவிலைப்படி, குறைந்தபட்ச ஊதியம் என்று ஓடும் செய்திகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் பெயர் அது. யாரோ பொருளாதார நிபுணர் போல என்று நினைத்து நீங்களும் கடந்து போயிருப்பீர்கள்.

அவர் ஒரு டாக்டர், ஊட்டச்சத்து ஆய்வாளர். அயர்லாந்துக்காரர். நம்ம நீலகிரியில், குன்னூரில் பத்து வருடம் வேலை பார்த்தவர். இந்தியத் தொழிலாளிக்கு இவ்வளவு சம்பளம் என்று அவர் எந்த ஃபார்முலாவும் எழுதவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்றுதான் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்கள் சம்பளம் கேட்டார்கள்.

அவர் பெயரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வங்கப் பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள் என்று அரசு நியமித்த கமிஷன் 1945-ல் சொன்ன எண்ணுக்கு முக்கியப் பொறுப்பு அவருடையது. அந்த எண் குறைவு என்று சுமார் 30 வருடம் கழித்துத் தன் புத்தகத்திலேயே எழுதியவரும் அவர்தான்.

ஊட்டச்சத்துத் துறையில் இருப்பவர்கள் அரசின் கொள்கைகளில் எப்படிப் பங்கெடுக்க முடியும்? நீங்கள் டயட்டீஷியனாக இருக்கலாம், பொது சுகாதாரத்தில் இருக்கலாம், அல்லது என்னைப் போல எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் வேலையில் இருக்கலாம். இந்தக் கேள்வி உங்களுக்கு இருந்தால், வாலஸ் அய்க்ராய்டின் வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பாருங்க.

மாவு மூட்டையில் தொடங்கிய கேள்வி

1899-ல் டப்ளினில் பிறந்தவர் வாலஸ் ரட்டல் அய்க்ராய்ட். அங்கேயே டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு 1920-களில் கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார்.

அங்கு அவர் பார்த்தது பெரிபெரி நோய். வைட்டமின் பி1 குறைந்தால் வருவது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, முற்றினால் இதயத்தையே பாதிக்கும். தீட்டிய அரிசி சாப்பிடும் ஆசிய நாடுகளின் நோய் என்று பெயரெடுத்தது, அரிசியே விளையாத பனிப் பிரதேசத்துக்கு எப்படி வந்தது?

காரணம் வெள்ளை மாவு. தவிடும் முளையும் நீக்கிய கோதுமை மாவுதான் அங்கே ஏழை மீனவக் குடும்பங்களின் பிரதான உணவு. மீன் பிடித்துக் கொடுத்து, கணக்கில் கடன் வைத்து, வியாபாரியிடம் வாங்கும் மாவில்தான் பனிக்காலம் ஓடியது. 1930-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. நோயாளிக்கு வைட்டமின் கொடுத்தால் அவர் எழுந்து நடப்பார். ஆனால் அடுத்த பனிக்காலமும் அதே மாவுதானே வீட்டுக்கு வரும்? அதை மாற்ற வேண்டும் என்றால் பேச வேண்டியது நோயாளியிடம் இல்லை. மாவு எப்படி அரைக்கப்படுகிறது, என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்று முடிவெடுப்பவர்களிடம் பேச வேண்டும். அய்க்ராய்டின் மீதி வாழ்க்கை அந்தத் திசையில்தான் போனது.

ஜெனீவா: ஒரு அறிக்கைக்குக் கிடைத்த கூட்டாளிகள்

1931-ல் லீக் ஆஃப் நேஷன்ஸின் சுகாதாரப் பிரிவில் சேர்ந்தார். இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடியான அமைப்பு அது. உலகம் பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம். ஒரு பக்கம் விளைந்த கோதுமையை வாங்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம் வேலை போன குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பால் இல்லை.

1935-ல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் பர்னேயோடு சேர்ந்து, ஊட்டச்சத்தும் பொது சுகாதாரமும் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். மக்கள் சரியாகச் சாப்பிடாததற்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை, வருமானமும் விலையும்தான் பெரிய காரணம் என்பது அதன் சாரம். இன்று இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் அரசுகள் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒரு மருத்துவ அறிக்கை கூலியையும் விலையையும் பேசியது அப்போது புதிது.

அதே வருடம் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரதிநிதி ஸ்டான்லி புரூஸ் இந்த விஷயத்தை லீக் பேரவையில் எழுப்பினார். ஆஸ்திரேலியாவுக்கு என்ன அக்கறை? விற்காமல் கிடந்த பால், இறைச்சி, கோதுமைக்குச் சந்தை வேண்டும். மக்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற மருத்துவர்களின் வாதமும், விளைந்ததை விற்க வேண்டும் என்ற விவசாய நாடுகளின் கவலையும் ஒரே மேடைக்கு வந்தன. அங்கே தொடங்கிய பேச்சு 1943-ல் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் மாநாட்டுக்கும், 1945 அக்டோபர் 16-ல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்புக்கும் இட்டுச் சென்றது. வருடா வருடம் அக்டோபர் 16-ல் உலக உணவு தினம் வருகிறதே, அது இந்தத் தேதிதான்.

கொள்கை மாற்றத்துக்கு உழைப்பவர்கள் இதைக் குறித்து வச்சுக்கலாம். உங்கள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் உங்கள் காரணத்துக்காகவே போவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கும் ஒரு தேவை இருக்கும்.

குன்னூர்: இந்தியச் சாப்பாட்டுக்கு ஒரு அட்டவணை

1935-லேயே அய்க்ராய்ட் இந்தியா வந்துவிட்டார். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1918-ல் ஒற்றை அறையில் பெரிபெரி ஆய்வாகத் தொடங்கி, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்த இடம் அது. தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன். அவருக்குப் பின் இயக்குநராக வந்தவர் அய்க்ராய்ட். 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இயங்குவது இந்த ஆய்வுக்கூடம்தான்.

1937-ல் இங்கிருந்து 23-ம் எண் சுகாதார வெளியீடு வந்தது. கேழ்வரகில் எவ்வளவு கால்சியம், முருங்கைக்கீரையில் என்ன இருக்கிறது, எந்தப் பருப்பில் எவ்வளவு புரதம் என்று இந்திய உணவுகளை அளந்து போட்ட அட்டவணை. கூடவே, அதை வைத்து ஒரு குடும்பத்துக்கோ விடுதிக்கோ எப்படி உணவுத் திட்டம் போடுவது என்ற வழிமுறை, அதற்கு என்ன செலவாகும் என்ற கணக்கு.

ஆய்விதழில் புதைந்துபோகும் நடையில் அதை அவர் எழுதவில்லை. விடுதிக் காப்பாளர், சிறை அதிகாரி, பொது சுகாதார ஊழியர் கையில் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதினார். பல பதிப்புகள் கண்ட அந்த வெளியீட்டின் வழியில்தான், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் சக ஆய்வாளர்களும் 1971-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். உங்கள் போனில் இட்லிக்கு எத்தனை கலோரி என்று காட்டும் ஆப்களுக்கு முன்னால் இப்படி ஒரு நீண்ட வரிசை இருக்கிறது.

அரிசியிலும் அவர் கை வைத்தார். அன்றைய சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திராவில், பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி சாப்பிடும் பகுதிகளில் அது அரிது. நெல்லை வேகவைக்கும்போது மேலுறையில் இருக்கும் பி1 உள்ளே இறங்கிவிடும், பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுசாகப் போகாது. பச்சரிசியை ஆலையில் பளபளவென்று தீட்டினால் போய்விடும். 1940-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி அவர் எழுதிய ஆய்வு இந்த வேறுபாட்டை விளக்கியது. நம்ம பாட்டிமார் கைவிடாத புழுங்கலரிசிக்கு ஆய்வுக்கூடச் சான்று அப்படித்தான் சேர்ந்தது.

தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் அவர் காலத்தில் நடந்தன. பால் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் முன்னேறினார்கள். பள்ளியில் உணவு கொடுக்க வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கு இப்படி ஒரு ஒப்பீடு கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்கே தெரியும்.

1943: எண்ண முடியாத சாவுகள்

பிறகு வங்கப் பஞ்சம் வந்தது. போர்க்காலப் பணவீக்கம், பர்மா அரிசி நின்றது, புயல், பதுக்கல், நிர்வாகத் தோல்வி என்று பல காரணங்கள் சேர்ந்து, கிராமத்துக் கூலித் தொழிலாளர்களும் மீனவர்களும் அரிசி வாங்க முடியாமல் போனார்கள். கல்கத்தா தெருக்களில் மக்கள் விழுந்து செத்தார்கள்.

1944-ல் ஜான் உட்ஹெட் தலைமையில் அரசு ஒரு பஞ்ச விசாரணைக் கமிஷனை அமைத்தது. அதில் அய்க்ராய்டும் உறுப்பினர். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிடும் பொறுப்பு பெரும்பாலும் அவரிடம் வந்தது.

ஒரு டேட்டா ஆளாக நீங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்க. கையில் இருப்பது இறப்புப் பதிவேடு. கிராமத்தில் சாவைப் பதிவுக்குச் சொல்ல வேண்டியவர் சௌகிதார் என்ற காவலாள். பஞ்சத்தில் அவர்களில் சிலரும் செத்துப்போனார்கள், சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ஊரைவிட்டுக் கிளம்பி வழியில் விழுந்தவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது?

பதிவான இறப்புகளை முந்தைய ஐந்து வருட சராசரியோடு ஒப்பிட்டபோது, 1943-ல் சுமார் 6.9 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 1944-ன் முதல் பாதியில் இன்னும் சுமார் 4.2 லட்சம். இரண்டும் சேர்த்து 11 லட்சம். பதிவாகாமல் போனதையும் யோசித்து, கமிஷன் அதை 15 லட்சம் என்று உயர்த்தியது. கணக்கு 1944 ஜூனோடு நின்றது. பஞ்சத்தின் பின்னால் வந்த மலேரியாவும் மற்ற நோய்களும் அதற்குப் பிறகும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தன.

கமிஷனின் அறிக்கை வங்க அரசையும் டெல்லியையும் விமர்சித்தது. லண்டன் போர் அமைச்சரவையின் முடிவுகளுக்குள் அது போகவில்லை. அதே கமிஷனின் இறுதி அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: எல்லோருக்கும் போதுமான உணவு கிடைக்கச் செய்வது இறுதியில் அரசின் பொறுப்பு என்ற கொள்கை. காலனி அரசின் காகிதத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே உட்கார்ந்து வேலை செய்வதன் பலன், விலை இரண்டையும் இங்கே பார்க்கலாம். அரசின் பொறுப்பை எழுத்தில் ஏற்ற முடிந்தது. அதே சமயம், அரசின் முத்திரையோடு போன 15 லட்சம் என்ற எண்ணும் பல வருடங்கள் அதிகாரபூர்வ உண்மையாக நடமாடியது.

1957: டெல்லியில் ஒரு தீர்மானம்

1946-ல் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு இயக்குநராகப் போன அய்க்ராய்ட், 1960 வரை அங்கே இருந்தார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதே இந்தியாவில் அவர் கணக்குக்கு ஒரு புது வாழ்க்கை தொடங்கியது.

1957 ஜூலையில் டெல்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் இருந்த மாநாடு. குறைந்தபட்ச ஊதியம் தேவையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. தேவையை எப்படி அளப்பது? இதோ அந்தக் கணக்கு:

உழைப்பவர் 1 அலகு, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6. மொத்தம் 3 நுகர்வு அலகு. ஒரு அலகுக்கு டாக்டர் அய்க்ராய்ட் பரிந்துரைத்த உணவு. நடைமுறையில் இது நாளுக்கு 2,700 கலோரி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நான்கு பேருக்கு வருடம் 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டப்படி குறைந்தபட்ச வாடகை. எரிபொருள், விளக்கு, இதரச் செலவுக்கு மொத்த ஊதியத்தில் 20 சதவீதம்.

அவ்வளவுதான் ஃபார்முலா. கருணை, முதலாளியின் வசதி, பேரம் பேசும் திறமை எதுவும் இதில் கிடையாது. அரிசி, பருப்பு, பால், காய்கறி விலையைப் போட்டுப் பெருக்கினால் ஒரு தொகை வரும். அதற்குக் கீழே கொடுத்தால் அந்தக் குடும்பம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

தீர்மானம் போட்ட அரசே அதை உடனே ஏற்கவில்லை என்பது தனிக்கதை. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. 1959-ல் 2-வது ஊதியக்குழு இந்தக் கணக்கை அப்படியே ஏற்காமல், குறைந்தபட்சமாக 80 ரூபாயைப் பரிந்துரைத்தது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1968 செப்டம்பர் 19-ல் மறுபடியும் ஒருநாள் வேலைநிறுத்தம். இரண்டிலும் தேவை அடிப்படையிலான ஊதியம் முக்கியக் கோரிக்கை.

1991-ல் சென்னை தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்று, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 7-வது ஊதியக்குழு 7,000 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 18,000 ஆக்கியபோது, அந்தத் தொகைக்கு வந்ததும் இதே வழியில்தான்.

இன்றும் சண்டை அந்த எண்களுக்குள்தான் நடக்கிறது. 2019-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் நிபுணர் குழு 2,400 கலோரி போதும், ஆனால் புரதம் 50 கிராமும் கொழுப்பு 30 கிராமும் வேண்டும், குடும்பம் 3 அலகு இல்லை, 3.6 என்று சொல்லி, நாளுக்கு 375 ரூபாயைப் பரிந்துரைத்தது. அடுத்த வருடம் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் வரைவு விதிகளில் மறுபடியும் 2,700 கலோரி. வயதான பெற்றோரையும் அலகில் சேர்க்க வேண்டும் என்பது ஊழியர் சங்கங்களின் இப்போதைய கோரிக்கைகளில் ஒன்று.

திருத்தம்

அய்க்ராய்ட் 1960-க்குப் பிறகு லண்டனில் பாடம் நடத்தினார், எழுதினார். சர்க்கரைக்கும் அடிமை வியாபாரத்துக்கும் இருந்த உறவைப் பற்றி 1967-ல் ஒரு புத்தகம். 1974-ல் பஞ்சங்களைப் பற்றி ஒரு புத்தகம், பெயர் தி கான்குவெஸ்ட் ஆஃப் ஃபேமின்.

அதில்தான் 15 லட்சத்துக்குத் திரும்பி வந்தார். அந்த எண் குறைவு என்றும், வழியோரங்களில் செத்தவர்களைப் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதினார். முப்பது, நாற்பது லட்சம் என்று சொன்னவர்களை அவர் முழுசாக ஏற்கவும் இல்லை. 1981-ல் அமர்த்தியா சென், பிந்தைய வருடங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, சுமார் 30 லட்சம் என்ற மதிப்பீட்டுக்கு வந்தார். அய்க்ராய்ட் அதைப் பார்க்கவில்லை. 1979-ல் இறந்துவிட்டார்.

முப்பது வருடம் தாமதம் என்று நீங்கள் கோபப்படலாம், நியாயம்தான். ஆனால் யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில், கணக்கு எந்த இடத்தில் தவறியது என்று சுட்டிக்காட்டித் திருத்தினார். அரசு அறிக்கைகளில் இது அடிக்கடி நடப்பதில்லை.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

நீங்கள் ஊட்டச்சத்துத் துறையில் இருந்தால், கொள்கையில் பங்கெடுப்பது என்றால் மேடையேறிப் பேசுவது என்று பயந்து ஒதுங்க வேண்டாம். அய்க்ராய்டின் வேலையில் காலத்தைத் தாண்டி நின்றது ஒரு அட்டவணை. தொழிற்சங்கத் தலைவரும் நீதிபதியும் எடுத்துப் பயன்படுத்த முடிந்ததால் அது நின்றது. உங்கள் ஊர் அங்கன்வாடி உணவு, பள்ளி மதிய உணவு, ரேஷன் பை எதுவாக இருந்தாலும், இந்த மாதச் சந்தை விலையில் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அரசு ஒதுக்கும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்கும்போது அனுப்ப அதைவிட நல்ல தாள் இல்லை.

எண்ணோடு அது எப்படி வந்தது, எதை விட்டுவிட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்க. 0.8 என்று மனைவிக்குப் போட்ட அலகை இன்று கேள்வி கேட்க முடிவது, அது வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால்தான்.

8-வது ஊதியக்குழுவின் அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் கடைசித் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் உணவுப் பட்டியல் இருக்கும் பக்கத்துக்குப் போங்க. எத்தனை அலகு, எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு பால், எந்த மாதத்து விலை என்று பாருங்க. சம்பளம் கூடுமா குறையுமா என்பது அங்கேயே முடிவாகியிருக்கும்.